மறுமொழி: பரம்பரையா, பிறவியா, கருவழியா?

குழுவினருக்கு வணக்கம். ‘ஜெர்ம்லைன் வேரியன்ட்’ (germline variant), அதாவது பெற்றோரிடமிருந்து வந்து பிறக்கும்போதே உடம்பில் இருக்கும் மரபணு வேறுபாடு, இதற்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்ற நம் பேச்சுக்கு என் மறுமொழி.

> ‘பரம்பரை மாறுபாடு’ என்றே போடலாமே. எல்லாருக்கும் புரிகிற சொல்.

புரிகிற சொல்தான் ஐயா, சிக்கலே அங்கேதான். முற்றிய இரைப்பைப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களிடம் ரத்தம் வாங்கி ஆராய்வதற்கான ஒப்புதல் படிவம் இது. முதல் வரைவில் நானும் ‘பரம்பரை’ என்றுதான் எழுதியிருந்தேன். காசிமேட்டில் எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். படிப்பு எட்டாவதோடு நின்றது, காது மட்டும் கத்தி. மூன்றாவது வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். “இரு இரு. அப்பனுக்கு வந்தது புள்ளைக்கும் வரும்னு சொல்றியா? பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கினு கீற வூட்ல இத்த நீட்னா எவன் கையெழுத்துப் போடுவான்?”

ஆய்வு அதைச் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்லவேண்டிய நோயும் உண்டு. சி.டி.எச்.1 என்ற மரபணுவின் பழுது தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றைக் கொண்டுவருவதை 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். அங்கே ‘பரம்பரை’ பொருந்தும். ஆனால் அது இரைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான். இந்தப் படிவம் பேசுவது வேறு சங்கதி. நோய் எதனால் வந்ததோ, வந்துவிட்டது. அப்பா அம்மாவிடமிருந்து வந்த சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் மருந்தை உடம்பு கையாளும் விதத்தையும், நோயாளி வாழும் காலத்தையும் மாற்றுகின்றனவா என்பதே கேள்வி.

5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்சிடபின் மாத்திரையும் உள்ளே போய் அதுவாகத்தான் மாறுகிறது. உடம்புக்குள் போகும் இந்த மருந்தில் நூற்றுக்கு 80-க்கு மேல் உடைத்துத் தள்ளுவது டி.பி.டி. என்ற ஒரே நொதி. அந்த நொதி மந்தமாக வேலைசெய்யும்படி பிறந்தவருக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடும்: வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் சரிவு. சிகிச்சைக்கு முன்பே இதைச் சோதிக்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் பரிந்துரைத்தது. சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் கதை இவ்வளவு தெளிவில்லை. அவை டி.என்.ஏ.வைச் சிதைத்துக் கொல்லும் மருந்துகள். அந்தச் சிதைவைச் செப்பனிடும் ஈ.ஆர்.சி.சி.1 போன்ற மரபணுக்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. அது ஆயுளை எவ்வளவு மாற்றுகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு முரண்படுகிறது. அதனால் நம் சொல் ‘தலைவிதி’ மாதிரியும் ஒலிக்கக்கூடாது.

> சடுதிமாற்றம்? பல்லுருத்தோற்றம்? பாடநூலில் இருக்கிறதே.

முதலாவதில் சடுதி எங்கே இருக்கிறது? பாட்டன் காலத்திலிருந்து வருவது. 2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் வழிகாட்டுதலே இந்த இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை (மியூட்டேஷன், பாலிமார்ஃபிசம்) கைவிட்டு, ‘மாறுபாடு’ என்ற பொருள்தரும் ‘வேரியன்ட்’ என்ற ஒரே சொல்லுக்கு வரச் சொன்னது. இரண்டாவதைப் படித்துக் காட்டியபோது அக்கா பல் டாக்டரா என்று கேட்டார். விட்டுவிடுவோம்.

> பிறவி மாறுபாடு. சின்னச் சொல், அழகு.

எனக்கும் ஆசைதான். ஆனால் வார்டில் ‘பிறவி’ என்றாலே குறைபாடு. இதயத்தில் ஓட்டை, உதட்டுப் பிளவு. கருவில் இருக்கும்போது தாய்க்கு வந்த நோயால் ஏற்படுவதும் பிறவிக் குறைபாடுதான், அதில் மரபணுவுக்குப் பங்கே இல்லாமலும் போகலாம். டாக்டர் தம்பியின் இந்த ஆட்சேபத்தை ஏற்கிறேன்.

மீதி இருப்பது ‘கருவழி மாறுபாடு’. விந்திலும் கருமுட்டையிலும் இருந்து, கரு உருவானபோதே வந்துவிட்டது. ஆகவே உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. கட்டிக்குள் மட்டும் பின்னால் முளைத்ததைக் ‘கட்டிப் பிறழ்வு’ என்போம். இணையாக நிற்கின்றன. அக்காவின் மறுப்பு: “ஆம்பளைக்கு ஏது கரு?” சிரித்துவிட்டேன், பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் என் முன்மொழிவு இரட்டைப் பெயர். கலைச்சொல் பட்டியலிலும் மருத்துவர் பக்கத்திலும் ‘கருவழி மாறுபாடு’. நோயாளி கையில் போகும் தாளில் ‘பிறக்கும்போதே உடம்பு முழுக்க இருக்கிற வேறுபாடு’. ஒன்றுக்கு இரண்டு பெயரா என்று முகம் சுளிப்பவர்கள் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வந்து பாருங்கள். பலகையில் ஸ்டான்லி, பெரியவர்கள் வாயில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. யாரும் வழி தவறியதில்லை.

நீளமான அந்தத் தொடருக்கு இன்னொரு லாபமும் உண்டு. “வவுத்துல கீற கட்டிக்குக் கையில இன்னாத்துக்கு ரத்தம்?” என்று அக்கா கேட்டதற்கு, ‘உடம்பு முழுக்க’ என்ற இரண்டு சொல்லே பதிலாகிவிட்டது. “அப்போ எச்சில்லகூட இருக்குமே?” என்றார். இருக்கும். எச்சிலிலும் எடுக்கிறார்கள்.

அடுத்த தலைவலி: நோயாளி வாழும் காலத்தைப் ‘பிழைப்புக் காலம்’ என்று யாரோ திருத்தியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் பிழைப்பு என்றால் மீன்பாடி வண்டி ஓட்டுவது. ‘உயிர்வாழ் காலம்’ என்று மாற்றியிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் மாற்று இருந்தால் எழுதுங்கள்.