கீழக்கரைப் பக்கம், தட்டை நடுவில் வைத்துச் சாப்பிட்ட அனுபவம்

கடற்கரைச் சாலையில் புதிதாக வந்திருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போன மே மாதம் குடும்பத்தோடு போயிருந்தோம். உம்மா, லாத்தா (அக்கா), மச்சான், லாத்தா மகள், நான். அங்கே ஆளுக்கொரு தட்டு என்ற பேச்சே கிடையாது. சின்னத் தட்டுகளாக நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள், எல்லோரும் எடுத்துச் சாப்பிட வேண்டும். கல்யாண வீட்டில் சகன் என்கிற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் கூச்சமே இல்லை.

உட்கார்ந்ததுமே வஞ்சிரம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இல்லையா? நாட்டுப்படகில் வந்த நெத்திலி, கணவாய், நண்டு இவைதான் அன்றைக்கு. ஐஸில் கிடந்த மீனை மசாலா போட்டு மறைக்காமல், இருப்பதை இருப்பது என்று சொன்னார்களே, அதற்கே மனசு நிறைந்துவிட்டது.

முதலில் கணவாய். வளையமாக நறுக்கி, முண்டு மிளகாய் காய்ச்சிய நல்லெண்ணெயில் ஒரு புரட்டு புரட்டி, மேலே கொஞ்சம் கருப்பட்டிப் பாகு. கருப்பட்டியா என்று உம்மா முகம் சுளித்தார்கள். ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்! முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரிக் காட்டில் விளைவது, குண்டாக, தடித்த தோலோடு இருக்கும். அன்றைக்கு நிறமும் மணமும் முந்திக்கொண்டன, காரம் பின்னால்தான் வந்தது. கணவாயும் ரப்பர் மாதிரி ஆகாமல் பதமாக இருந்தது. அடுப்படியில் நிற்பவருக்குக் கைப்பக்குவம் இருக்கிறது.

அடுத்து காரப் பணியாரத்தைப் பிளந்து உள்ளே மாசிச் சம்பல் (மாசிக் கருவாட்டை இடித்துச் செய்வது) வைத்தது. யோசனை அருமை. "மாசியை இன்னும் இடிச்சிருக்கணும்" என்றார்கள் உம்மா, அது உண்மைதான், பல்லில் நரநரத்தது. ஆனால் என் மனத்தாங்கல் வேறு. ஐந்து பேர் இருக்கிற மேசைக்கு நாலு பணியாரம். "நீ எடு", "எனக்கு வேண்டாம், பிள்ளைக்குக் கொடு" என்று கடைசி ஒன்று ஆறிப்போகும் வரை கிடந்தது. சகனில் இந்தச் சங்கடம் வராது. அவரவர் முன்னால் இருக்கும் சோற்றை அவரவர் எடுப்பார்கள், கறித்துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். எண்ணி வைத்த பண்டத்தில் அதற்கு வழியில்லை. தலையை எண்ணித் தட்டு வைப்பது பெரிய வேலையா? பரிமாறிய தம்பியிடம் சொன்னேன், அடுத்த தட்டிலிருந்து ஐந்தாகவே வந்தது.

நெத்திலி வறுவல் சுமார். நண்டு ரசம் நன்றாக இருந்தது.

கடைசியில் வந்த கடல்பாசி இனிப்பைச் சொல்லியே ஆக வேண்டும். நோன்பு காலத்தில் வீட்டில் பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சுவோமே, அதையே இளநீரில் காய்ச்சி உறைய வைத்து, உள்ளே நுங்குத் துண்டுகள். வெட்டினால் பாசி எது, நுங்கு எது என்று தெரியவில்லை, நாக்குத்தான் பிரித்துச் சொன்னது. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இதை உறைய வைக்கும் கடல்பாசி தயாராகிறது. அந்த உழைப்புக்கு இந்த மரியாதை தகும்.

போகிறவர்கள் எத்தனை பேர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயசானவர்கள் கூட இருந்தால் நுங்கு இருக்கும் காலத்திலேயே கூட்டிப் போங்கள்.