தீம் பார்க் ரிசார்ட்டில் கோடை வேலை: அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம் மக்களே. காலேஜ் லீவுல 3 மாசம் ஒரு தீம் பார்க் ரிசார்ட்டுல வேலைக்குப் போறேன். ரைடு ஆபரேட்டரா, ஹோட்டல் அறை சுத்தம் செய்யுற பிரிவான்னு இந்த வாரத்துக்குள்ள சொல்லணும்.

ரைடுன்னா ஜாலின்னுதான் நினைச்சேன். இன்டர்வியூவுலதான் விஷயம் புரிஞ்சது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒவ்வொரு சீட்டுப் பூட்டையும் கையால இழுத்துப் பார்க்கணும். பிள்ளைங்க உயரத்தை அளக்கணும், 1 சென்டிமீட்டர் குறைஞ்சாலும் திருப்பி அனுப்பணும். அழுற குழந்தையைக்கூட சமாளிச்சிடலாம், "டிக்கெட் காசு என்னாச்சு"ன்னு நிக்கிற அப்பாவை எப்படிங்க சமாளிக்கிறது? மின்னல் வெட்டினா திறந்தவெளி ரைடை நிறுத்திடுவாங்களாம். வரிசையில நிக்கிறவங்க கோபம் முழுக்க நம்ம தலையிலதான்.

அறை வேலையில வெயில் இல்ல. ஆனா ஒருத்தர் காலி பண்ணி அடுத்தவர் வர்றதுக்குள்ள எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். முதுகு தாங்குமா?

முக்கியமான சந்தேகம் வேற. தங்குமிடம் அவங்களே தர்றாங்க, வாடகையைச் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. கூட்டம் குறைஞ்சு ஷிப்டைக் குறைச்சா, அந்த வாரமும் வாடகை முழுசாப் போகுமா? வாரத்துக்குக் குறைஞ்சது இத்தனை மணி நேரம் வேலைன்னு ஒப்பந்தத்துல ஒரு வரிகூட இல்ல. சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களா?

அப்புறம் ஷூ. நாள் முழுக்க கான்கிரீட் தரையில நிக்க எந்த மாதிரி வாங்கலாம்? புது ஷூவோட முதல் நாளே போய்க் கால் கொப்பளிச்சவங்க யாராவது இருந்தா நீங்கதான் முதல்ல பதில் போடணும்!