மறு: 'கிளைன்' என்பதற்குத் தமிழ்ச் சொல் (மேற்கு ஆப்பிரிக்கத் தேனீக் கட்டுரை)

வணக்கம் அக்கா,

> கிளைன் = படிமாற்றம் என்று வைத்துவிடலாமா?

வைக்கலாம். ஆனால் அந்தப் 'படி' எனக்கு இடிக்கிறது. படி என்றால் ஒன்றிலிருந்து காலை எடுத்து அடுத்ததில் வைக்க வேண்டும். உயிரியலாளர் ஜூலியன் ஹக்சிலி 1938இல் இந்தச் சொல்லை உருவாக்கியதே படி இல்லாத இடத்துக்காகத்தான். ஓர் உயிரினத்தின் ஏதோ ஒரு பண்பு ஊர் மாற மாறக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். இங்கேதான் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. 'சாய்தல்' என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து எடுத்தார்.

உங்கள் தேனீக்களையே பாருங்கள். வடக்கே, சகாராவின் தென்விளிம்பான சாகேலின் வறண்ட நிலத்தில் ஜெமெனிட்டிகா; மெல்லிஃபெரா என்ற தேனீ இனத்தின் துணையினங்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. தெற்கே கினி வளைகுடாப் பக்கம் அடன்சோனி என்ற இன்னொரு துணையினம், அதைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் வேலியா இருக்கிறது? ராணி பறந்துபோய்ப் பல ஆண் தேனீக்களோடு கூடிவிட்டு வருகிறது. தீனி குறைந்தால் மொத்தக் கூட்டமும் கூட்டைக் காலி செய்துவிட்டு வேறு இடம் தேடிப் போகிறது. கோடு எங்கே நிற்கும்?

வேறுபாடும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை. வேலைக்காரத் தேனீயின் முன்னிறகைப் பிய்த்துக் கண்ணாடி வில்லைமேல் ஒட்டி அளக்கிறார்கள். முழு இறகே எட்டரை மில்லிமீட்டர் சுற்றித்தான். அதில் ஒரு நரம்பின் நடுவே இன்னொரு நரம்பு வந்து முட்டி அதை இரண்டு துண்டாக்கும். நெட்டைத் துண்டைக் குட்டைத் துண்டால் வகுத்தால் கியூபிட்டல் குறியெண். அப்புறம் நாக்கின் நீளம், பின்னங்கால், வயிற்று வளையங்களின் நிறம், முடியின் நீளம். ஒரு தேனீயை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கூட்டுக்குப் பத்து இருபதாவது அளந்து சராசரி பார்க்க வேண்டும். தேனீ ஆய்வாளர் ஃபிரீட்ரிக் ருட்னர் 1988இல் வெளியிட்ட நூலில் துணையினங்களைப் பிரித்தது இப்படிப் பல அளவுகளைச் சேர்த்து வைத்துத்தான்.

> 'சரிவு' என்று இன்னொருவர் சொன்னாரே?

விலைச் சரிவு, நிலச்சரிவு என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஏதோ கெட்டுப்போன மாதிரி இருக்கும். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் தேனீ பெரிதாகிறதே, அதையும் சரிவு என்பதா?

என் யோசனை 'வாட்டம்'. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தட்டோடு பதித்தபோது கொத்தனார் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் மூலையிலேயே தேங்கியது. "வாட்டம் பத்தல, குழாய்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் வாட்டம் கொடு" என்றார். தரையைப் பார்த்தால் எனக்குச் சமமாகத்தான் தெரிந்தது. ரசமட்டம் வைத்தால்தான் தெரிகிற சாய்வு அது. கிளைனும் அதே கதைதான்: நிற்கிற இடத்தில் தெரியாது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தால் தெரியும்.

முகவாட்டம், பயிர் வாட்டம் எல்லாம் நினைவுக்கு வரும் என்பது தெரியும். 'நிற வாட்டம்' என்று எழுதினால் சாயம் போன சேலை என்றுதான் நானே படிப்பேன். அதனால் முன்னால் இடத்தைச் சேர்த்து 'இடவாட்டம்' என்று வைப்போம். உடலளவின் இடவாட்டம், நிறத்தின் இடவாட்டம் என்று எழுதினால் குழப்பம் இல்லை.

> அடன்சோனி வருகிற இடத்திலெல்லாம் 'மேற்கு ஆப்பிரிக்கத் தேனீ' என்று போடட்டுமா?

இந்தக் கட்டுரையில் போடலாம். பழைய கட்டுரைகளில் வேண்டாம். 1956இல் பிரேசில் மரபியலாளர் வார்விக் கெர் தம் நாட்டுக்குக் கொண்டுபோன தேனீக்களை அக்காலத்தில் அடன்சோனி என்றே எழுதினார்கள். அவை ஆப்பிரிக்காவின் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் போனவை; அந்தத் துணையினத்தின் இன்றைய பெயர் ஸ்கூட்டெல்லாட்டா. (அடன்சோனி என்ற பெயருக்குரிய மிஷேல் அடன்சோன் 18ஆம் நூற்றாண்டில் செனகலில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர். மன்னாரில் நிற்கிற பெருக்கமரத்தின் பேரினப் பெயரிலும் அவரே இருக்கிறார்.)

சரி, உங்கள் மூன்றாம் பத்திக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: "சாகேலிலிருந்து கடற்கரைவரை தேனீயின் உடலளவில் ஓர் இடவாட்டம் உள்ளது, எனவே இரு துணையினங்களுக்கும் நடுவே எல்லை வகுப்பது கடினம்." வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்காவது இடித்தால் எழுதுங்கள்.