சுவாத் பள்ளத்தாக்கு: விகாரை மேடையையும் வயல் படியையும் பிரிப்பது எப்படி?

பாகிஸ்தானின் சுவாத், மிங்கோராவை ஒட்டிய ஜம்பில் கிளைப் பள்ளத்தாக்கு. ஏழாம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் சொன்ன 1,400 சங்காராமங்களில் (பௌத்த மடங்களில்) மண்ணுக்குள் கிடப்பவை இன்னும் ஏராளம். அவற்றைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுவதில்தான் சிக்கல்.

விண்வெளி ஓடத்து ரேடார் அளந்த 30 மீட்டர் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு உதவவில்லை; ஒரு முற்றமே ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. 1960களின் கொரோனா எனும் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களில் மேடைகள் தெரிகின்றன, ஆனால் வடக்குச் சரிவு முழுக்க நிழல். ஊற்றுக்கு அருகில், வெள்ளம் எட்டாத திட்டு என்று வடிகட்டினேன். உழவர்களும் அதே இடங்களில்தான் படி வெட்டியிருக்கிறார்கள்! நேரில் போனால் விகாரை எது என்பதில் சந்தேகமே வராது: பெரிய சிஸ்ட் (ஏடு ஏடாகப் பிளக்கும் பாறை) கற்கள், இடுக்கெல்லாம் மெல்லிய சில்லுகள் அடுக்கிய சுவர்.

சரிவு மண் மூடிய சதுர முற்றத்தை வயல் படியிலிருந்து பிரித்துக்காட்ட எந்த மாதத்துப் படம் உங்களுக்குக் கைகொடுத்தது?