இலை எடைக்கு ஆப் வந்து ஆறு மாசம் ஆச்சு, நோட்டைப் பிடுங்கிடலாமா?

கோத்தகிரி_கொழுந்து:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு டீ பாக்டரி ஆபீஸ்ல வேலை பாக்கறேன், பேரு வேண்டாம். இலை வாங்கற ஷெட்டு எல்லாத்துக்கும் எலக்ட்ரானிக் தராசு, போன்ல ஒரு ஆப், ரசீது அடிக்கற குட்டி பிரிண்டர் எல்லாம் குடுத்துட்டாங்க. சாக்கை மாட்டுனா எடை தானா ஏறும், கழிவு (இலையில இருக்கற தண்ணிக்காக எடையில கழிக்கற சதவீதம்) போட்டா ரசீது வந்துடும், ராத்திரிக்குள்ள எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்து சேரணும்.

ஆனா ஒரு ஷெட்டுல 22 வருஷமா இருக்கற அண்ணன் இன்னும் நோட்டுலயும் எழுதறாரு. மழை நாள்ல சாக்குக்குள்ள கைய விட்டு ஒரு பிடி இலைய அமுக்கிப் பாப்பாரு, விரலிடுக்குல தண்ணி வர்றத வெச்சு கழிவு 8ன்னோ 12ன்னோ சொல்லுவாரு, யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. ஆப்ல இருக்கறது 5, 10 ரெண்டுதான், அதுக்கு மேல போட இலை ஆபீசர் போன்ல ஓகே குடுக்கணும், அவருக்கு பாதி நேரம் சிக்னலே கிடையாது. லாரி நிக்குது, ஜனங்க மழையில நிக்கறாங்க, அவரு ஆப்ல 10 போட்டுட்டு நோட்டுல 12ன்னு எழுதிடறாரு. மாசக் கடைசியில ரெண்டு கணக்கோட எல்லாரும் என் மேஜைக்கு வர்றாங்க. ஷெட்டு ஆளுங்க இலை ஆபீசருக்குக் கீழ, சாப்ட்வேர் அக்கவுண்டண்டுக்குக் கீழ, எனக்கு எதையும் மாத்த அதிகாரம் இல்ல. நோட்டை வாங்கி வெச்சுட்டா சரியாகிடுமா?

குன்னூர்_பழைய_டீமேக்கர்:
வேண்டாம்மா, அந்த நோட்டுலதான் உங்க பாக்டரியோட நிஜக் கணக்கு இருக்கு. நல்ல இலைன்னா சுமாரா நாலரை கிலோவுக்கு ஒரு கிலோ தூள் வரும், அதுல தண்ணி சேந்து வந்தா வாடப் போடறதுக்கே நேரம் இழுக்கும், தூளும் கொறையும், அப்ப மேனேஜர் முன்னாடி நிக்கறது டீமேக்கர், அதாவது பாக்டரியில தூள் தயாரிக்கறதைப் பாத்துக்கறவரு. அவரைக் கேக்காமலேதான் 5, 10ன்னு வெச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறேன். இத்தன நாள் கழிவு முடிவு பண்ணது ஷெட்டு அண்ணன், இப்ப அந்த முடிவை ஆப் எடுத்துக்கிச்சு, ஆனா திட்டு வாங்கறது மட்டும் இன்னும் அவருதான். 15 வரைக்கும் அவரே போடலாம், ஏன்னு ஒரு வார்த்தை பதியணும், அதுக்கு மேலன்னா மட்டும் இலை ஆபீசர்னு எழுத்துல வாங்குங்க. சாக்குல அமுக்கி வெச்ச இலை சூடேறி செவந்து போகும், ஓகே வர்ற வரைக்கும் அது காத்திருக்காது.

ஊட்டி_வாத்தியார்:
டீமேக்கர் ஐயா சொன்னதை ரொம்ப நாளுக்கு முன்னாடியே ஒரு இடத்துல பாத்திருக்காங்க. எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த்னு ரெண்டு பேரு பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களைப் பத்தி 1951ல எழுதுனாங்க, பாம்ஃபோர்த் முன்னாடி சுரங்கத்துல வேலை செஞ்சவரு. மெஷின் வர்றதுக்கு முன்ன சின்னச் சின்னக் குழுவா வெட்டறது, அள்ளறது, முட்டுக் குடுக்கறது எல்லாத்தையும் தங்களுக்குள்ளயே பிரிச்சுக்குவாங்க. மெஷின் வந்ததும் நாப்பது, அம்பது பேரா மூணு ஷிப்டாக்கி ஆளுக்கொரு துண்டு வேலை குடுத்தாங்க, முதல் ஷிப்டு பண்ண தப்பு அடுத்த ஷிப்டு தலையில விழுந்துச்சு, லீவு போடறவங்க கூடுனாங்க, எதிர்பார்த்த அளவு கரியும் வரல. மெஷினை மாத்தும்போது யாரு யாருக்குப் பதில் சொல்றதுங்கறதும் சேந்து மாறிடுது, அதை யாரும் உக்காந்து யோசிக்கல. உங்க ஷெட்டும் ஆபீசும் ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லாத ரெண்டு ஷிப்டு மாதிரி இருக்கு. ஷெட்டு, டீமேக்கர், அக்கவுண்ட்ஸ் மூணையும் சேத்துப் பாக்க ஒருத்தரை மேனேஜர் பேரு சொல்லி நியமிக்கணும், அது நீங்களாவே இருக்கலாம்.

கட்டபெட்டு_விவசாயி:
நான் இலை போடறவன். டீ போர்டு மாசாமாசம் சராசரி விலை அறிவிக்குது, அதனால விலை எங்களுக்குத் தெரியும், எடையிலயும் கழிவுலயும்தான் ஏமாந்துடுவோமோன்னு பயம். ரசீது வந்ததுல எனக்கு நெசமாவே சந்தோஷம். ஆனா எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அவங்க நம்பறது கையில அமுக்கிப் பாத்துட்டு "இன்னிக்கு தண்ணி ஜாஸ்தி பாட்டி, பன்னெண்டு போடறேன்"னு மூஞ்சியப் பாத்துச் சொல்ற ஆளை. ரசீதுல மொத்த எடை, கழிவு, மீதி மூணும் தமிழ்ல தனித்தனியா வரட்டும், அவரு அதை வாய்விட்டுப் படிக்கட்டும். அவரு வாயால சொன்னதும் ரசீதும் ஒண்ணா இருந்தா நாங்க எதுக்கு ஆபீசுக்கு வரப்போறோம்?

கோத்தகிரி_கொழுந்து:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி நோட்டையும் ஆப்பையும் பக்கத்துல வெச்சு ஒரு மாசக் கணக்கைப் பாத்தேன், ரெண்டும் ஒத்துப் போகாத நாள் 9, ஒம்பதும் மழை நாள், வெயிலடிச்ச ஒரு நாள்ல கூட வித்தியாசம் இல்ல. நான் அவரு வேணும்னே பண்றாருன்னு நெனச்சுட்டு இருந்தேன், மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மேனேஜர்கிட்ட அந்தத் தாளைக் காட்டுனேன். சனிக்கிழமை டீமேக்கர், இலை ஆபீசர், அக்கவுண்டண்ட் மூணு பேரையும் இலை எடுக்கற நேரத்துக்கே ஷெட்டுக்கு வரச் சொல்லியிருக்காரு.