ஜீப்புக்கு கிராஸ் மாத்தின பிறகு வந்த உதறல்: எங்க குடும்பக் குழுவில் ஓடின பேச்சு

பென்னாகரம் அண்ணன்: மாமா, கமாண்டர் ஜீப்புக்கு பின் ஷாஃப்ட்ல (கியர் சுத்தை பின் அச்சுக்குக் கொண்டு போற நீளக் குழாய்) ரெண்டு முனை கிராஸும் (கூட்டல் குறி மாதிரி இருக்கற ஜாயிண்ட்) புதுசு போட்டாச்சு. ஆனா பட்டறையை விட்டு வெளிய வந்ததுல இருந்து உதறுது. முன்ன கிளிக் கிளிக்னு சத்தம் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப தரைத்தகடே அதிருது.

பாலக்கோடு மாமா: எந்த ஸ்பீடுல?

பென்னாகரம் அண்ணன்: கெளம்புறப்பவே ஒரு உதறல். 40 தாண்டினா சீட்டுக்கு அடியில குர்ர்ருன்னு ஏறுது. 60க்கு மேல மிதிக்க பயமா இருக்குது.

பாலக்கோடு மாமா: ஸ்டியரிங் ஆடுதா?

பென்னாகரம் அண்ணன்: இல்லீங்க மாமா, கையில ஒண்ணும் தெரியல. எல்லாம் சீட்டுலயும் தரையிலயும்தான்.

பாலக்கோடு மாமா: சரி. சமமான ரோட்ல, பின்னாடி வண்டி வராதப்ப, உதர்ற ஸ்பீடுக்கு வந்ததும் ஒரு நிமிசம் நியூட்ரல் போட்டுப் பாரு, உதறல் எஞ்சினாலயா, அடியில சுத்தறதாலயான்னு தெரியும். இறக்கத்துல பண்ணாத.

ஓசூர் தம்பி: முன் வீல் பேலன்ஸ்னா ஸ்டியரிங்லதாண்ணா மொதல்ல தெரியும். சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஷாஃப்ட் நாலஞ்சு சுத்து சுத்திடும். அதனால ஷாஃப்ட் கோளாறு பொடி அதிர்வா, சீக்கிரம் சீக்கிரமா வரும். வீல் கோளாறு நிதானமா ஆட்டும்.

பென்னாகரம் அண்ணன்: நியூட்ரல்ல கொறையுது, ஆனா நிக்கல. பட்டறையில கேட்டா ஷாஃப்டே வளைஞ்சிருக்கும், புது ஷாஃப்ட் வாங்கிட்டு வாங்கன்றாங்க.

பாலக்கோடு மாமா: வாங்காத கண்ணு. கிராஸ் மாத்துறதுக்கு முந்தின நாள் இந்த உதறல் இருந்துச்சா? இல்லல்ல? கல்லுல கில்லுல அடி வாங்காம ஷாஃப்ட் ஒரே ராத்திரியில வளையாது. கழட்டி மாட்டினதுலதான் விஷயம் இருக்குது. அடியில படுத்து ஷாஃப்ட் முழுசும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் போடு.

அம்மா: ஆடி 18க்கு ஒகேனக்கல் போவோணும்னு சொல்லியிருந்தேனே, வண்டி ஆவுமா ஆவாதா?

பாலக்கோடு மாமா: அக்கா, இந்த நிலைமையில பென்னாகரத்துக்குக் கீழ அந்த வளைவு இறக்கத்துல வண்டிய எறக்கவே கூடாது. ஓடிக்கிட்டிருக்கறப்ப முன்பக்க கிராஸ் விட்டுச்சுன்னா ஷாஃப்ட் கீழ விழுந்து ரோட்டுல ஊணிக்கும். வண்டி பின்னாடி எகிறிடும். சரி பண்ணின பிறகு பேசுவோம்.

அம்மா: ஐயோ, அப்ப வேணாம் சாமி. நல்லா பாத்து பண்ணுங்க.

பென்னாகரம் அண்ணன்: [படம்]

பாலக்கோடு மாமா: பெருசு பண்ணிப் பாரு. ஷாஃப்ட்டோட இந்த முனையில ரெண்டு காது இருக்குதா, கிராஸ் உக்கார்ற எடம்? அந்த முனையிலயும் ரெண்டு காது. இந்தப் பக்கத்துக் காது மேலயும் கீழயும் நின்னா, அந்தப் பக்கத்துக் காதும் மேலயும் கீழயும்தான் நிக்கணும். உன் போட்டோவுல ஒண்ணு நேரா நிக்குது, இன்னொண்ணு சாஞ்சு நிக்குது. ஷாஃப்ட் ரெண்டு துண்டா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல்லுல சொருகியிருக்கும். அந்தப் பல்லு மாத்தி சொருகிட்டாங்க.

பென்னாகரம் அண்ணன்: ஆமாங்க மாமா, இப்ப தெரியுது. அதுக்கா இவ்வளவு உதறல்?

பாலக்கோடு மாமா: அதுக்குத்தான். கிராஸ் சாய்வா நின்னு சுத்தறப்ப, உள்ள வர்ற சுத்து சீரா இருந்தாலும் வெளிய போற சுத்து சீரா இருக்காது. ஒரு சுத்துக்கு ரெண்டு தரம் வேகமாவும், ரெண்டு தரம் மெதுவாவும். இது கோளாறு இல்ல, இந்த ஜாயிண்ட்டோட குணமே அதான். அந்தப் பக்கத்து கிராஸ் இதுக்கு நேர் எதிரா பண்ணி சமன் பண்ணிடும். ரெண்டு காதும் ஒரே நேர்ல இருந்தாதான் சமனாவும். பல்லு மாறிட்டா ஒண்ணையொண்ணு அடக்காம சேந்து உதறும். கெளம்புறப்பவே உதறுதுன்னு நீ சொன்னப்பவே எனக்கு இதுதான் தோணிச்சு. வெறும் பேலன்ஸ் கோளாறுன்னா ஸ்பீடு ஏற ஏறத்தான் தெரியும்.

ஓசூர் தம்பி: ரெண்டு பக்கத்துச் சாய்வும் ஒரே அளவா இருக்கணும் இல்லீங்களா மாமா? அண்ணன் பின்னாடி ஸ்பிரிங்ல பட்டை சேத்துப் போட்டிருந்தா?

பாலக்கோடு மாமா: இருக்கணும். பட்டை சேத்தாலும், எஞ்சின் மவுண்ட் ரப்பர் அமுங்கினாலும் சாய்வு மாறும். ஆனா அது பழைய வெவகாரம், கிராஸ் மாத்தின அன்னிக்கு புதுசா வராது.

பாலக்கோடு மாமா: கவனமா கேளு. ஷாஃப்ட் கழட்டினா கியர் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிக்காது, சக்கரத்துக்கும் கியருக்கும் தொடுப்பு விட்டுப் போச்சு. பழைய ஜீப்ல நெறைய வண்டிக்கு ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்துல இருக்காது, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (சுத்தை முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட்டுக்குப் பிரிக்கற பெட்டி) பின்னாடி இருக்கும். அப்படி இருந்தா அதுவும் பிடிக்காது. நாலு சக்கரத்துக்கும் முன்னாடி பின்னாடி கல்லு குடுத்துட்டுத்தான் அடியில போவணும். உங்க வீட்டு வாசல் சரிவா இருக்கும், அங்க வேணாம்.

பென்னாகரம் அண்ணன்: சரிங்க மாமா. களத்துல நிறுத்திக்கறேன்.

பாலக்கோடு மாமா: போல்ட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி, பின் அச்சு நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் பக்கத்துல ஷாஃப்ட் எப்படி உக்காந்திருக்குதுன்னு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்க. அரை சுத்து மாத்தி மாட்டினா அதுவே ஒரு உதறல் குடுக்கும். அப்புறம் சொருகுற எடத்துல சேறு கிரீஸ் எல்லாம் டீசல் தொட்டு தேச்சு எடு. ட்யூப்லயும் (ஷாஃப்ட் குழாய்) யோக்லயும் (காது இருக்கற சொருகு துண்டு) அம்புக்குறி அடிச்சிருப்பான். ரெண்டு அம்பும் நேருக்கு நேர் பாக்கணும். அம்பு இல்லைன்னா காதை நேர் வெச்சு சொருகு.

(மறுநாள்)

பென்னாகரம் அண்ணன்: [படம்] மாமா, அம்பு இருந்துச்சு! கம்பி பிரஷ் போட்டு தேச்சப்புறம்தான் தெரிஞ்சுது. நேர் பண்ணி சொருகிட்டேன். கெளம்புறப்ப உதறலே இல்ல. 40, 50 சுத்தமா போவுது. 60க்கு மேல மட்டும் சன்னமா ஒரு ரீங்காரம் இருக்குது.

பாலக்கோடு மாமா: நல்லது. மிச்சத்தையும் விடாத. திரும்ப எறக்கி ஒவ்வொரு கிராஸையும் கையால ஆட்டிப் பாரு. ரெண்டு திசையிலயும் ஒரே மாதிரி, இறுக்கம் இல்லாம, லூசும் இல்லாம திரும்பணும்.

பென்னாகரம் அண்ணன்: பின்பக்கத்தது ஒரு திசையில மட்டும் புடிச்சுப் புடிச்சு திரும்புது.

பாலக்கோடு மாமா: அந்தக் காதுல, கிராஸ் முனைய மூடுற கப்பு வெளிய வராம புடிக்கற சர்க்ளிப் வளையத்தைப் பாரு. பள்ளத்துல முழுசா உக்காந்திருக்குதா?

பென்னாகரம் அண்ணன்: ஒரு பக்கம் மேலாப்புல நிக்குது மாமா. ஸ்க்ரூ டிரைவர் வெச்சு அழுத்தினாலும் எறங்கல.

பாலக்கோடு மாமா: அப்ப கப்புக்குள்ள ஒரு ஊசி சாஞ்சு கெடக்குது. கப்பு அடிச்சு எறக்கறப்ப உள்ள இருக்கற ஊசி ரோலர்ல ஒண்ணு படுத்துக்கிட்டா, கப்பு முழுசா போவாது, சர்க்ளிப் உக்காராது. கிராஸ் ஒரு முடிக்கு ஒதுங்கி நிக்கும், ஷாஃப்ட்டும் மையம் தவறி சுத்தும். மேல போற ஸ்பீடுல ரீங்காரம் அதான். கப்ப கழட்டி ஊசிய பாரு. வளைஞ்சோ நசுங்கியோ இருந்தா அந்த கிராஸ் வேணாம், வேற செட் போட்டுடு. கப்புல கெட்டியா கிரீஸ் வெச்சு ஊசிங்களை சுவத்தோட ஒட்ட வெச்சு, சுத்தியலால அடிக்காம வைஸ்ல வெச்சு அமுக்கு. ரெண்டு சர்க்ளிப்பும் உக்காந்த பிறகும் இறுக்கமா இருந்தா, காது மேல பித்தளைக் கட்டையால லேசா ஒரு தட்டு தட்டு. விட்டுடும்.

ஓசூர் தம்பி: அண்ணா, ட்யூப்ல சின்ன இரும்புத் துண்டு வெல்டு வெச்சிருக்கும், பேலன்ஸுக்கு. அது அப்படியே இருக்குதான்னும் பாத்துடு. விழுந்திருந்தா வெல்டு வெச்ச தழும்பு மட்டும் தெரியும்.

பென்னாகரம் அண்ணன்: ரெண்டு துண்டு இருக்குதுடா, ஆடல. ஊசி ஒண்ணு நசுங்கித்தான் கெடக்குது, மாமா சொன்ன மாதிரியே. தருமபுரியில செட் வாங்கிட்டேன், சாயந்தரம் போடறேன்.

(இரவு)

பென்னாகரம் அண்ணன்: போட்டாச்சு மாமா. இண்டூர் வரைக்கும் போயிட்டு வந்தேன். 70 தொட்டேன், தரையில ஒரு சத்தம் இல்ல.

பாலக்கோடு மாமா: நாலு கப்பு ஓரத்துலயும் புது கிரீஸ் எட்டிப் பாக்குற வரைக்கும் நிப்பிள்ல அடிச்சியா?

பென்னாகரம் அண்ணன்: மூணுல வந்துச்சு, ஒண்ணுல வரல.

பாலக்கோடு மாமா: வராத கப்பு காய்ஞ்சு துரு கக்கும், மொதல்ல போறதும் அதான். ஷாஃப்ட்ட அரை சுத்து திருப்பி, லேசா ஆட்டிக்கிட்டே திரும்ப அடி. வர வெச்சுட்டு சொல்லு. போல்ட்டெல்லாம் ஒரு வாரம் ஓட்டினதும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாத்துடு.