வளரிளம் பருவ ஆலோசனைக்குத் தொண்டு நிறுவனம் தேவையா?

அஞ்செட்டிக்காரன்:
பள்ளிகளில் பருவ வயதுப் பிள்ளைகளுக்கு ஆலோசனை தர சுகாதாரத் துறை தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று போன கிராம சபையில் பேசினேன். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 10 முதல் 19 வயதுக்காரர்களுக்கென்று மத்திய அரசுத் திட்டம் 2014இலேயே வந்துவிட்டது. மலைக் கிராமங்கள் வரை நடக்க அரசிடம் ஆள் ஏது?

பாலக்கோடு அப்பா:
எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். எங்கள் ஊருக்கும் ஒரு நிறுவனம் வந்தது. பேனர், போட்டோ, பிஸ்கட். நிதி முடிந்ததும் ஆளைக் காணோம். பிள்ளைகள் கேட்ட கேள்விகள் அந்தரத்தில் நிற்கின்றன. இதெல்லாம் வீட்டில் பேச வேண்டியது.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
வீட்டில் பேசுகிறோமா அண்ணா? 27 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். மாதவிடாய் வலிக்கு மாத்திரை கேட்கவே அம்மாவுக்குத் தெரியாமல் வந்த பிள்ளைகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் மும்முரமாக நடப்பது காலையில். அந்நேரம் பிள்ளைகள் வகுப்பில். லீவு போட்டு வந்தால் வரிசையில் பக்கத்து வீட்டு அத்தை நிற்பார். பிறகு யார் வாய் திறப்பார்கள்?

இன்னொன்று போக்சோ, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். 18க்குக் கீழ் கர்ப்பம் என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. அந்தப் பயத்தில் பிள்ளையை எங்கெங்கோ கொண்டுபோகிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், புகாரில் அவள் பெயரை டாக்டர் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

பாலக்கோடு அப்பா:
பெற்றவர்களை ஒதுக்கிவிட்டு எதையும் செய்யாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
ஒதுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த 16 வயதுக் கர்ப்பங்களில் பலதும் பெற்றவர்களே பத்திரிகை அடித்துச் செய்துவைத்த கல்யாணம்.

அஞ்செட்டிக்காரன்:
சரி அக்கா, ஒரு கேள்வி. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீடு தேடித் தரும் திட்டம் 2021இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தானே தொடங்கியது? அதே ஆட்கள் இதையும் செய்தால்?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
வேண்டாம் தம்பி. வீட்டு வாசலில் மாமியார் காதுபட எந்தப் பெண் பேசும்? நிறுவனம் பள்ளிக்கு வந்து கூச்சத்தைப் போக்கட்டும். மருந்தும் பதிவேடும் அரசு நர்ஸிடமே இருக்கட்டும். அவர் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்.

பாலக்கோடு அப்பா:
சனிக்கிழமை மதியம் சுகாதார நிலையத்தில் தனி அறையில் ஆலோசனை என்றால் என் பெரியவளை நானே கூட்டி வருவேன். நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
நான் இருந்த நிலையத்தில் அந்த அறையில் பழைய கட்டிலும் கொசு மருந்து டப்பாவும் கிடந்தன. முதலில் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.